அறிவொளி முடிந்த பிறகு எங்கள் ஊரில் எஞ்சியது

சங்கம் தொடங்கப்போகிறோம் என்று என்னைத் தேடி வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் பெயரை முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். லெட்டர்பேடுகூட அச்சடித்திருப்பார்கள். பதிவு எண் வாங்க எவ்வளவு நாளாகும், தலைவர் யார், செயலாளர் யார் என்று பேச்சு அங்கேயே சுற்றும். நான் ஒன்று கேட்பேன்: அடுத்த செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணிக்கு உங்கள் சங்கத்தில் என்ன நடக்கும்? யார் வருவார்கள், யார் விளக்குப் போடுவார்கள்? இதற்குப் பதில் இருக்கிற சங்கம் பெயரே இல்லாமல்கூட நடக்கும். பதில் இல்லாத சங்கங்கள் திறப்பு விழாவோடு நின்றுபோனதை எங்கள் வட்டாரத்தில் நிறையப் பார்த்துவிட்டேன்.

இதை நான் கற்றது, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கத்தில். புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். கடலை, தென்னை, பூ. 1991-இல் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மேலே படிக்க அனுப்பும் வழக்கம் அப்போது எங்கள் வீடுகளில் இல்லை. அந்த ஆண்டு ஜூலையில் மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் தொடங்கியது. அதற்கு முன் கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரி 4 அன்று முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டிருந்தது. அதே வழியில் நாமும் முடியும் என்று புதுக்கோட்டை இறங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர்.

அந்த ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நான் பார்த்த ஒவ்வொரு திட்டத்தையும் அதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். பணம் மத்திய, மாநில அரசுகளுடையது, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில். ஆனால் அது ஒரு துறையின் வழியாகச் செலவாகவில்லை. ஆட்சியரைத் தலைவராகக் கொண்டு தனியாகப் பதிவு செய்யப்பட்ட மாவட்டச் சங்கத்தின் வழியாகச் செலவானது. பயிற்சி, பாட்டு, தெரு நாடகம், வீடு வீடாகக் கணக்கெடுப்பு ஆகிய வேலைகளில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களைப் போன்ற தன்னார்வலர்களும் முன்னால் நின்றார்கள். பள்ளி ஆசிரியர்கள் பலர் அயல்பணியாக வந்து ஒன்றியம் ஒன்றியமாக அலைந்தார்கள். கடைசிக் கண்ணி எங்களைப் போன்ற தொண்டர்கள். பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் என்ற அளவில் வகுப்பு. சம்பளம் கிடையாது.

சம்பளம் இல்லாமல் எப்படி அவ்வளவு பேர் வந்தார்கள் என்று இப்போதுள்ளவர்கள் கேட்கிறார்கள். என் வரைக்கும் பதில் எளிது. வீட்டை விட்டு இரவில் வெளியே போக எனக்குக் கிடைத்த முதல் நியாயமான காரணம் அது. கலெக்டரம்மா சொல்லியிருக்கிறார், ஆபீஸ் காரியம் என்றதும் அப்பா மறுக்கவில்லை. அரசாங்கத்தின் பெயருக்கு ஊரில் இருந்த மரியாதை என்னைப் போன்ற பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அந்தக் கதவைத் தனியாக எந்தச் சங்கத்தாலும் திறந்திருக்க முடியாது. அதே நேரம், ஆபீஸிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து கூப்பிட்டிருந்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருவர்கூட வகுப்புக்கு வந்திருக்க மாட்டார்கள். நான் கூப்பிட்டதால் வந்தார்கள். நான் இன்னார் பேத்தி என்று அவர்களுக்குத் தெரியும்.

வகுப்பை எங்கே வைப்பது என்பதில்தான் முதல் சிக்கல். கோயில் மண்டபம் விசாலமாக இருந்தது. அங்கே எல்லாரும் வர முடியாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்தால் அந்தத் தெருக்காரர்கள் மட்டும் வருவார்கள். பள்ளிக்கூடத்தின் சாவி இரவில் வெளியூரில் இருக்கும். கடைசியில் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருந்த பால்வாடி முற்றத்தைப் பிடித்தோம். ஊர்ப் பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். முதல் வாரம் தெருவிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கமும் காலனியிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தார்கள். இருந்த அரிக்கேன் விளக்கு ஒன்றே ஒன்று. எழுத்து தெரிய வேண்டுமானால் விளக்கை நெருங்கித்தான் ஆக வேண்டும். நாளாக நாளாக வட்டம் சுருங்கியது. சாதியே போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன், அது போகவில்லை. ஆனால் எங்கள் சங்கத்தில் இன்று இரண்டு பக்கத்து ஆட்களும் சரிசமமாக இருக்கிறார்கள் என்றால் அதற்கு அடிப்படை அந்த இடத் தேர்வு. எங்கே கூடுகிறீர்களோ அதுதான் உங்கள் உறுப்பினர் யார் என்று தீர்மானிக்கும். விதிமுறையில் எல்லாரும் சேரலாம் என்று எழுதி வைத்துவிட்டு ஒரு தெருவுக்குள் கூட்டம் போட்டால் அந்த விதியை யாரும் படிக்கப்போவதில்லை.

நேரமும் அப்படித்தான். மாலை ஆறு மணி என்று பயிற்சியில் சொன்னார்கள். ஆறு மணிக்கு எந்தப் பெண் வருவாள்? வேலைக் காட்டிலிருந்து வந்து, தண்ணீர் எடுத்து, சோறாக்கி, ஆம்பளைகளுக்குப் போட்டு, பாத்திரம் கழுவி வர எட்டாகிவிடும். எட்டு மணிக்கு மாற்றினோம். கடலை பறிப்புக் காலத்தில் அதுவும் நடக்கவில்லை. ஆய்ந்துகொண்டிருக்கிற களத்துமேட்டுக்கே சிலேட்டைக் கொண்டு போனோம். பாடத்திட்டம் மூன்று புத்தகம், ஏறக்குறைய 200 மணி நேரம். அந்த மணி நேரத்தை வருகிறவர்களுடைய நாளில் எங்கே பொருத்துவது என்று கண்டுபிடிப்பதுதான் தொண்டரின் வேலையில் பாதி.

வகுப்புத் தொடங்கிச் சில வாரங்களில் வயதான பெண்கள் ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். “இந்த மண்டையில ஏறாது ஆத்தா, விட்டுரு” என்பார்கள். வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. சிலேட்டைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்தால் படிக்கிறார்கள். மடியில் வைத்தால் தெரியவில்லை. வெள்ளெழுத்து! நாற்பது வயதுக்கு மேல் அநேகமாக எல்லாருக்கும் வருவது. மண்டையில் ஏறாமல் போனதற்குக் காரணம் மண்டை இல்லை. ஒரு கண் சிகிச்சை முகாம் ஏற்பாடு செய்து கண்ணாடி வாங்கிக் கொடுத்ததும் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள்.

அந்த முகாம் எனக்கு இன்னொன்றையும் காட்டியது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கி வளர்ந்த கதை பலருக்குத் தெரியும். கிராமத்து முகாம்களை அவர்கள் நடத்தும் முறை அவ்வளவு பேருக்குத் தெரியாது. மருத்துவர், கருவி, அறுவை சிகிச்சை எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. ஊர் ஊராகச் சொல்வது, இடம் பிடிப்பது, பந்தல், தண்ணீர், வரிசை, நோயாளியைக் கூட்டிவருவது எல்லாம் உள்ளூரில் முகாமை ஏற்று நடத்தும் அமைப்பின் பொறுப்பு. அது அரிமா சங்கமாக இருக்கலாம், கோயில் கமிட்டியாகவும் இருக்கலாம். யார் எதைச் செய்வது என்பதில் மயக்கமே இல்லை. மருத்துவமனையால் எங்கள் ஊர்க் கிழவியின் பயத்தைப் போக்க முடியாது. எங்களால் புரை எடுக்க முடியாது. நிறுவனமும் சங்கமும் சேர்ந்து வேலை செய்கிற இடங்களில் பிறகு சண்டை வந்தபோதெல்லாம் நான் முதலில் பார்த்தது இதைத்தான்: யார் எதற்குப் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறார்களா?

படிப்பு படிப்போடு நிற்கவில்லை. பெயர் எழுதத் தெரிந்ததும் ரேஷன் கடையிலும் பேங்கிலும் கைநாட்டு வைக்க மாட்டேன் என்றார்கள். கைநாட்டு வைத்த மையை இனித் தலைமயிரில் துடைக்க வேண்டியதில்லை என்று ஒரு அப்பத்தா சொன்ன சந்தோஷத்தை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. அடுத்தது மனு. அடிபம்பு ரிப்பேர், முதியோர் பென்ஷன், பட்டா என்று வகுப்பே மனு எழுதும் இடமாகிவிட்டது. அதற்கும் அடுத்தது சைக்கிள். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே மாவட்ட நிர்வாகம் எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். கடனில் சைக்கிளும் வாங்கினார்கள். ஆம்பளை சைக்கிளையே விரும்பி வாங்கியவர்கள் உண்டு, முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று. நானும் இரவில், யாரும் பார்க்காத ரோட்டில், அப்போதுதான் கற்றுக்கொண்டேன். மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் இன்னும் பெரிய காரியம் நடந்தது. ஒப்பந்தக்காரரிடம் கல் உடைத்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து, கல் குவாரிகளைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தார்கள். எத்தனை லோடு போனது, எவ்வளவு வர வேண்டும் என்று அவர்களே எழுதினார்கள். எழுத்து கூலியை மாற்றும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி நான் பார்த்ததில்லை.

1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஊரே கொண்டாடியது. அதற்கு அப்புறம்தான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது.

கொண்டாட்டம் முடிந்த சில மாதங்களில் அயல்பணியில் வந்த ஆசிரியர்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள். அதிகாரிகள் மாறினார்கள். மண்ணெண்ணெய் வருவது நின்றது. தொடர் கல்வி, வளர்கல்வி என்று அடுத்தடுத்த கட்டங்கள் வந்தன, மையங்கள் திறக்கப்பட்டன, ஆனால் முதல் ஆண்டின் வேகம் எங்கும் இல்லை. பக்கத்து ஊர்களில் வகுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சில ஆண்டுகள் கழித்து அங்கே போனபோது, எழுதக் கற்ற பெண்கள் மறுபடி கைநாட்டுக்குப் போயிருந்தார்கள். எழுத்து, புழங்காவிட்டால் கையை விட்டுப் போய்விடும். எங்கள் ஊரிலும் பலருக்குப் போனது. போகாமல் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால், எழுதுவதற்கு ஏதோ ஒரு காரணம் தங்கள் கையில் வைத்திருந்தவர்கள்.

எங்கள் வகுப்பில் அந்தக் காரணம் ஒரு சேமிப்பு நோட்டு. வகுப்புக்கு வரும்போது ஆளுக்கு ஒரு ரூபாய் போடுவது என்று, மண்ணெண்ணெய்க்காகத்தான் தொடங்கினோம். மீந்தது. மீந்ததை ஒருத்தி மகள் பிரசவத்துக்குக் கேட்டாள். கொடுத்தோம், எழுதினோம். திருப்பிக் கட்டினாள், எழுதினோம். தர்மபுரியில் 1989-இலேயே பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தொடங்கியிருந்தன என்பதோ, 1997-98-இல் அதே முறை மாநிலம் முழுக்க மகளிர் திட்டமாக வரப்போகிறது என்பதோ எங்களுக்குத் தெரியாது. ஆனால் மகளிர் திட்டத்துக்காரர்கள் எங்கள் ஊருக்கு வந்தபோது தீர்மான நோட்டு, பேரேடு, வருகைப் பதிவு எல்லாம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தன. புதிதாகக் குழு ஆரம்பித்த ஊர்களில் கணக்கு எழுத வெளியிலிருந்து ஆள் தேடினார்கள். எங்கள் ஊரில் மூன்று குழுக்களுக்கும் அறிவொளியில் படித்தவர்களே எழுதினார்கள்.

சங்கமாகப் பதிவு செய்தது அதற்கும் பிறகுதான். தமிழ்நாட்டில் இதற்கு 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் கையெழுத்திட வேண்டும். நோக்கங்களையும் விதிகளையும் எழுதி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். பதிவு வாங்குவது பெரிய காரியமில்லை. வாங்கிய பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டுவது, கணக்கைத் தாக்கல் செய்வது, நிர்வாகிகள் மாறினால் தெரிவிப்பது ஆகியவற்றை விடாமல் செய்வதுதான் காரியம். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, ஒரு நன்கொடையோ அரசு உதவியோ வரும் நேரத்தில் பழைய ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்துத் தாள் தயாரிக்க ஓடுகிற சங்கங்கள் அதிகம். ஆண்டுக் கணக்கை எப்போது தாக்கல் செய்வது என்பதை முதல் கூட்டத்திலேயே ஒரு ஆளின் பெயரில் எழுதி வையுங்கள். வேலை தொடங்கி நன்றாக நடந்தபின் பதிவு செய்யலாம். அதற்காக ரொம்பவும் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் பதிவு இல்லாமல் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறப்பது கடினம். பணம் ஒருத்தர் சொந்தக் கணக்கில் கிடந்தால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பேச்சு வரும்.

பணத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். எங்கள் வழக்கம் இது: ரசீது எழுதாமல் பத்து ரூபாய்கூட வாங்குவதில்லை. ரொக்கப் பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவர் வீட்டில். வங்கியில் மூவர் பெயர், இருவர் கையெழுத்து. மாதக் கூட்டத்தில் வரவு செலவைச் சத்தமாகப் படிக்க வேண்டும், படிப்பவர் பொருளாளராக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் எனக்கு மிகப் பிடித்தது. எழுதியவரே படித்தால் காது சுகமாக இருக்கும். வேறொருவர் படிக்கும்போது தடுமாறுவார், தடுமாறும் இடத்தில் கேள்வி வரும். “அது என்ன டீச்சர், பந்தலுக்கு ரெண்டு தடவை எழுதியிருக்கு?” என்று ஒரு அக்கா கேட்டபோது பொருளாளருக்கு முகம் வாடியது. இரண்டு பந்தல் போட்டது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது, பதில் சொல்லப்பட்டது, நோட்டில் ஏறியது. கேள்வியை அவமானமாக எடுத்துக்கொள்கிற பொருளாளரை மெதுவாக மாற்றிவிடுங்கள்.

பதவியைப் பற்றியும் விதி வேண்டும். ஒருவர் ஒரே பதவியில் இரண்டு தடவைக்கு மேல் இருக்கக் கூடாது என்று எழுதினோம். அதனால் நல்ல ஆளை இழந்தோம் என்று சில நேரம் தோன்றியது உண்டு. இருந்தும் இந்த விதியை விட நான் சம்மதிக்க மாட்டேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு நல்ல இளைஞர் நற்பணி மன்றம் இருந்தது. தலைவர் தங்கமான மனிதர். எல்லாச் சாவியும் அவரிடம், எல்லா அதிகாரியும் அவருக்குப் பழக்கம். அவர் திருப்பூருக்குக் குடிபோனதும் மன்றம் மூடியது. அடுத்த ஆளுக்கு வேலை தெரியவில்லை, தெரிந்துகொள்ள வாய்ப்பே தரப்படவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வந்தது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்து, எங்கள் மேல் ஏறிப் போனது. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. தலைமுறை தலைமுறையாய் நின்ற பலா மரங்கள் வேரோடு. மின்கம்பங்கள் அத்தனையும் சாய்ந்து, சில ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. எங்கள் பக்கம் குடிதண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. கரண்ட் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. முதல் வேலையாக சங்கப் பணத்தில் ஜெனரேட்டர் வாடகைக்குப் பிடித்து மேல்நிலைத் தொட்டியை நிரப்பினோம். அதற்குக் கூட்டம் கூட்டித் தீர்மானம் போட நேரமில்லை. அவசரத்துக்கு இவ்வளவு தொகை வரை செயலாளரும் இன்னொருவரும் சேர்ந்து முடிவெடுக்கலாம் என்று விதியில் முன்பே எழுதியிருந்தது உதவியது. உங்கள் விதியில் அப்படி ஒரு வரி இல்லையென்றால் இப்போதே சேருங்கள்.

இரண்டாம் நாளிலிருந்து நிவாரண வண்டிகள் வந்தன. திருச்சி, மதுரை, சென்னை, எங்கெங்கிருந்தோ. நல்ல மனசோடு வந்தவர்கள். ஆனால் வண்டி மெயின் ரோட்டில் நிற்கும். ஓடிவர முடிந்தவனுக்குக் கிடைக்கும். உள்ளே இருந்த காலனிக்கும், பிள்ளை பெற்று ஒரு வாரமானவளுக்கும், நடக்க முடியாத கிழவருக்கும் ஒன்றும் வராது. எங்களிடம் வீட்டுப் பதிவேடு இருந்தது. அறிவொளிக் கணக்கெடுப்பின் பழக்கம். ஆண்டுக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய்த் திருத்துவோம். எந்த வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, யார் தனியாக இருக்கிறார், யார் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் எல்லாம் அதில். அதை வைத்து டோக்கன் எழுதினோம். வண்டிக்காரர்களிடம் பதிவேட்டைக் காட்டி, வீட்டுக்கு வீடு கொடுப்போம், நீங்களும் கூட வந்து பாருங்கள் என்றோம். வந்து பார்த்தவர்கள் மறுபடி அனுப்பினார்கள்.

அப்போது இன்னொன்றும் செய்தோம்: என்ன வேண்டும் என்று எழுதி, தினமும் திருத்தி, போனில் அனுப்பினோம். பழைய துணி வேண்டாம் என்று முதல் வரியிலேயே போட்டோம். துணி ரோட்டோரத்தில் மழையில் நனைந்து மட்கிக் கிடந்தது. கொடுத்தவர்கள் பார்த்தால் மனம் நொந்திருப்பார்கள். தேவைப்பட்டது தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, நாப்கின், பால்மாவு, மரம் அறுக்கும் மிஷின். உதவி கேட்கத் தெரிந்திருப்பது சங்கத்தின் வேலைகளில் ஒன்று. கேட்காமல் வருவதையெல்லாம் வாங்கிக்கொண்டால் அதைப் பிரிக்கவே பாதி ஆள் வேண்டும்.

மின்வாரிய ஊழியர்கள் வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும்கூட வந்தார்கள். சேற்றில் இடுப்பளவு நின்று கம்பம் நட்டார்கள். அவர்களுக்குச் சோறு, படுக்க இடம், கம்பம் தூக்க ஆள் எல்லாம் ஊர் கொடுத்தது. சங்கம் எவ்வளவு ஆடினாலும் ஒரு டிரான்ஸ்பார்மரைக் கொண்டுவர முடியாது. அரசு செய்ய வேண்டியதை நாமே செய்துவிடலாம் என்று சில தன்னார்வ நண்பர்கள் பேசும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். பள்ளி, மருத்துவமனை, சாலை, மின்சாரம் எல்லாம் உரிமையாகக் கேட்டு வாங்க வேண்டியவை. அவற்றைத் தானமாகச் செய்ய ஒரு சங்கம் இறங்கினால் பத்து வீட்டுக்குச் செய்யும், பதினோராம் வீட்டுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

அதற்கு மறுபக்கமும் உண்டு. 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அருமையான திட்டம். எங்கள் ஊரிலும் கட்டடம் வந்தது, அலமாரி வந்தது, புத்தகம் வந்தது. சில ஆண்டுகளில் பூட்டு. மாநிலத்தில் பல ஊர்களில் இதே கதைதான். காரணம் தேடி யாரையும் குற்றம் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு கட்டடத்தை ஒவ்வொரு மாலையும் திறக்க ஒரு ஆளும், அந்த ஆள் வராத நாளில் இன்னொரு ஆளும் வேண்டும். அந்த இரண்டாவது ஆளை எந்த அரசாணையும் நியமிப்பதில்லை.

நாங்கள் கிராம சபையில் போய்க் கேட்டோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அங்கே வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போகும். எழுதிக் கொண்டுபோக வேண்டும். தீர்மானமாகப் பதிய வேண்டும். எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நகல் கேட்டு வாங்க வேண்டும். நூலகத்தைத் தினமும் மாலை ஐந்து முதல் எட்டு வரை திறந்து வைக்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்கும், கட்டடமும் புத்தகமும் ஊராட்சியின் சொத்தாகவே இருக்கும் என்று எழுதிக் கொடுத்தோம். முதல் தடவை நடக்கவில்லை. அடுத்த சபைக்கு எங்கள் குழுப் பெண்கள் மொத்தமாக வந்து உட்கார்ந்தார்கள். தீர்மானம் ஏறியது, சாவி வந்தது.

அந்தச் சமயத்தில் ஊரில் வசதியான ஒருவர், நூலகத்துக்குப் பின்னால் ஒரு ஹால் கட்டித் தருகிறேன், அப்பா பெயரை வைக்க வேண்டும் என்றார். பெரிய கூட்டம் போட்டுப் பேசினோம். பெஞ்சும் மின்விசிறியும் கேட்டு வாங்கினோம், ரசீதும் நன்றிக் கடிதமும் கொடுத்தோம். ஹாலை இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இருக்கிற கட்டடத்தை நிரப்பவே ஆள் போதாதபோது இன்னொன்றைக் கட்டினால் அதைக் காப்பதே சங்கத்தின் வேலையாகிவிடும். அவருக்கு வருத்தம்தான். பிறகு அவர் பேரப் பிள்ளைகளே நூலகத்துக்கு வந்தார்கள்.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது எங்கள் பிள்ளைகள் சிலர் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள். கொரோனாவில் பள்ளி மூடியிருந்ததால் குழந்தைகள் இழந்த படிப்பை மாலை வகுப்பில் ஈடுகட்டும் திட்டம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் காலத்தில் ஒன்றும் வாங்கவில்லை என்று பெருமை பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஏழை வீட்டுப் பெண்ணின் ஒன்றரை மணி நேரத்துக்கு அரசு ஏதாவது கொடுப்பது நியாயம். ஆனால் அந்தப் பணம் தாமதமானாலோ திட்டம் சுருங்கினாலோ வகுப்பு நிற்கக் கூடாது என்று, இடமும் விளக்கும் சங்கத்தினுடையதாக வைத்துக்கொண்டோம். அறிவொளிக்குப் பிந்திய அந்த ஆண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்போதைய பெரிய கவலை ஆள். பையன்கள் பிளஸ் டூ முடித்ததும் சிங்கப்பூர், திருப்பூர், சென்னை என்று போய்விடுகிறார்கள். சங்கத்தை ஓட்டுவது கல்லூரிக்குப் போகிற பெண்கள். கல்யாணமானால் அவர்களும் வேறு ஊர். இதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அதனால் எந்தப் பொறுப்பையும் தனி ஆளிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். எல்லாம் இரட்டை. நூலகம் திறக்க இருவர், பதிவேட்டுக்கு இருவர், கணக்குக்கு இருவர். ஒருவர் வயதில் மூத்தவர், ஒருவர் இளையவர். இளையவள் கல்யாணமாகிப் போகும்போது மூத்தவர் இருப்பார். அவர் ஓய்வெடுக்கும்போது அடுத்த இளையவள் பழகியிருப்பாள். கல்யாணமாகிப் போன இருவர் போன ஊர்களில் இதே மாதிரி மாலை வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். வீட்டுப் பதிவேட்டு மாதிரியைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அடுத்து அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறோம். நூலகத்துக்கு ஒரு கழிப்பறை வேண்டும்; இருட்டிய பிறகு பெண் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க அது இல்லாமல் முடியாது. மதிப்பீடு ஒன்றைத் தெரிந்த கொத்தனாரிடம் வாங்கி இணைத்திருக்கிறோம். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போகிறார்கள். அறிவொளி வகுப்பில் படித்த அக்காமார் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொடுகிறார்கள். இதனால் ஒரு தெருவை முடிக்க ஒரு மாலை ஆகிறது. ஆகட்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.